திரியின் வாசகர்கள்

அவள் எழுதிய நாவல்களின் அட்டையில் ஓர் ஆணின் பெயர் இருந்தது. முதல் நாவலைப் பதிப்பகத்துக்கு அனுப்பிய காலத்தில் அவள் மின்சார அலுவலகத்தில் பில் கட்டும் கவுண்டரில் உட்கார்ந்திருந்தாள். ஊரில் பாதிப்பேர் மாதாமாதம் அவள் முகத்தைப் பார்த்தே ஆகவேண்டும். கொலைக்கதை எழுதுகிறவள் என்று தெரிந்தால் ஆளாளுக்குத் தன்னைக் கதைக்குள் தேடுவார்கள், அப்புறம் கவுண்டரில் மனுஷி உட்கார முடியாது என்று பயந்தாள். "அப்ப ஒரு ஆம்பளப் பேரா வச்சுத் தொலை, ஒருத்தனும் சந்தேகப்பட மாட்டான்" என்றார் அவள் கணவர். வாய்க்கு வந்த ஒரு பெயரையும் அவரே சொன்னார். அந்தப் பெயர் நிலைத்துவிட்டது.

அவள் எழுதியதெல்லாம் ஒரே ஆளைப் பற்றித்தான். ஒரு சின்ன ஊர். அதில் ஸ்டவ் ரிப்பேர் செய்கிற ஒருவன். ஊரார் அவனைத் திரி என்று கூப்பிட்டார்கள். போலீஸ்காரன் அல்ல, துப்பாக்கி பிடித்தவன் அல்ல. ஆனால் அந்த ஊரில் அவன் உட்காராத சமையலறை கிடையாது. அடுப்பைக் கழற்றிப் போட்டுக்கொண்டு ஒருவன் மூலையில் குந்தியிருந்தால், கொஞ்ச நேரத்தில் வீட்டார் அவன் இருப்பதையே மறந்து பேச ஆரம்பித்துவிடுவார்கள். திரி கேட்டுக்கொண்டிருப்பான். கொடுக்கிற டீயைக் குடிப்பான். போகும்போது சம்பந்தமே இல்லாத ஒரு கேள்வி கேட்பான். அந்த ஊர் இன்ஸ்பெக்டரும் முட்டாள் அல்ல. வழக்கு சிக்கிக்கொண்டால் திரியைத் தெருவில் நிறுத்தி, "எங்க வீட்டு அடுப்பும் சரியா எரியலப்பா" என்பார். அதற்கு என்ன அர்த்தம் என்று இரண்டு பேருக்கும் தெரியும்.

இப்படிப் பதினோரு நாவல்கள் வந்தன. பன்னிரண்டாவதில் மூன்று அத்தியாயம் எழுதியிருந்தபோது அவளுடைய சிறுநீரகங்கள் கைவிட்டன.

கணவர் பல்செட் செய்கிறவர். கடைவீதியில் ஒரு பல் டாக்டரின் கிளினிக்குக்குப் பின்னால் அவருடைய பட்டறை. "இந்த ஊர்ல பாதிப்பேரு என் பல்லுலதான் சிரிக்கிறாங்க" என்று பெருமையடித்துக்கொள்வார். ஆஸ்பத்திரியிலிருந்து அவளை வீட்டுக்குக் கூட்டிவந்த நாளில் அவருக்கு அந்த ஜோக் வரவில்லை. அவள் எழுதும் மேஜையை ஜன்னலை விட்டு நகர்த்தி, அந்த இடத்தில் கட்டிலைப் போட்டார். அவள் தடுக்கவில்லை.

"எழுதறதுதான் எழுதற, படுத்துக்கிட்டு எழுதேன்" என்றார் ஒருநாள்.

"யாருக்கு எழுதணும்? போதும். பதினொண்ணு ஒரு நல்ல நம்பர்தான்."

"பதினொண்ணு என்ன நல்ல நம்பரு?"

அவள் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

வாரம் மூன்று நாள் டயாலிசிஸ். ஆஸ்பத்திரியின் பின்கட்டில் ஒரு நீள அறை. சுவரோரமாக சாய்வு நாற்காலிகள், ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஆள் உயர மெஷின். உள்ளே போனதும் எடை பார்ப்பார்கள், பிறகு இடது கையில் இரண்டு ஊசி. ஒன்றில் ரத்தம் வெளியே போகும், மற்றொன்றில் சுத்தமாகித் திரும்பி வரும். பிளாஸ்திரி ஒட்டிய கையை நான்கு மணி நேரம் அசைக்கக் கூடாது. அசைத்தால் மெஷின் கூவும், சிஸ்டர் ஓடி வருவார். அந்த சிஸ்டருக்கு எல்லா நோயாளிகளும் ஒன்றுதான். வயசு பார்க்காமல் எல்லாரையும் அதட்டுவார்.

முதல் நாள் அவளைக் கடைசி நாற்காலியில் உட்காரவைத்தார்கள். ஊசி ஏறிய வலி அடங்கி, கண்ணை மூடினாள். அப்போதுதான் அந்தக் குரல் கேட்டது.

"திரி படியிலேயே உட்கார்ந்தான். உள்ளே வா என்று அந்த அம்மாள் மறுபடியும் கூப்பிட்டாள். செருப்பில் சேறு என்றான். உண்மையில் அவன் பார்த்துக்கொண்டிருந்தது கதவுக்குப் பின்னால் சாய்த்து வைத்திருந்த ஈரக்குடையை…"

அவளுக்குத் தூக்கிவாரிப்போட்டது. மெஷின் கூவியது.

"கையை ஆட்டாதீங்கம்மா!" என்று சிஸ்டர் அங்கிருந்தே கத்தினார்.

படித்துக்கொண்டிருந்தவர் பஸ் டிரைவர். பெரிய உருவம், பெரிய குரல். ஊசி ஏறாத வலது கையில் புத்தகத்தைப் பிடித்துக்கொண்டு, கட்டைவிரலால் பக்கத்தைத் தள்ளித் தள்ளிப் படித்தார். அவருக்கு அடுத்த நாற்காலியில் இருந்த கணக்கு வாத்தியாருக்குச் சர்க்கரையால் கண் மங்கிவிட்டது. அவருக்காகத்தான் இந்தச் சத்தமான வாசிப்பு. மூன்றாவதாக, பள்ளிக்கூடச் சீருடை தைக்கிற டைலரம்மா. அவர் எல்லாப் புத்தகத்தையும் ஏற்கெனவே பலமுறை படித்தவர். இருந்தாலும் கேட்டார், நடுநடுவே உதட்டையும் அசைத்தார்.

"நிறுத்துங்க, நிறுத்துங்க. குடை ஈரமா இருக்கு. ஆனா மழை பெஞ்சது முந்தாநேத்து" என்றார் வாத்தியார். "அப்ப அந்தக் கொழுந்தன்காரன்தான். எழுதி வச்சுக்கங்க."

"சார், போன புத்தகத்துலயும் இப்படித்தான் சொன்னீங்க."

"போன புத்தகத்துல நான் சொன்னதுதானே சரியா வந்துச்சு?"

"கடைசியா சொன்னது சரி. அதுக்கு முன்னாடி நாலு பேரத் தூக்குல போட்டீங்களே!"

டைலரம்மா சிரித்தார். கடைசி நாற்காலியில் அவள் கண்ணைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தாள். புத்தகம் எழுதினால் விற்கும், பதிப்பகத்தார் சொல்வார்கள், எப்போதாவது ஒரு பத்திரிகையில் நாலு வரி வரும். ஆனால் தன் வாக்கியத்தைக் கேட்டு ஒரு மனிதர் "நிறுத்துங்க" என்று கையைத் தூக்குவதை அவள் பார்த்ததே இல்லை.

அன்று வீட்டுக்குப் போகும் வழியில் ஸ்கூட்டரின் பின்னாலிருந்து கணவரிடம் சொன்னாள். அவர் சிரித்த சிரிப்பில் வண்டி ஓரமாக ஒதுங்கியது. "சொல்லிட்டியா, நாந்தான்னு?"

"பைத்தியமா? சொன்னா அப்புறம் வாயத் திறப்பாங்களா?"

அடுத்தடுத்த நாட்களில் அவர்கள் பேசுவதைக் கேட்பதே அவளுக்கு வேலையாகிவிட்டது. வாத்தியாருக்குப் பிடித்தது கதையின் கணக்கு. "ஒரு ஸ்டெப்பையும் முழுங்க மாட்டான் இந்த ஆளு. கடைசில திரும்பிப் பார்த்தா எல்லாம் நம்ம கண்ணு முன்னாடியே இருந்திருக்கும். நாமதான் பாக்கல. சில பேரு கடைசிப் பக்கத்துல புதுசா ஒரு தம்பியக் கொண்டுவந்து நிறுத்துவான். இந்த ஆளு அந்த வேலையெல்லாம் பண்றதில்ல."

டைலரம்மாவுக்குப் பிடித்தது மனிதர்கள். "ஒரு பொம்பள அழுதா எதுல துடைச்சிக்கிறான்னு எழுதறான் பாருங்க. புடவைத் தலைப்புலயா, கரித்துணியிலயா, புறங்கையிலயா. இது ஆம்பளைக்குத் தெரியற விஷயமே இல்ல. பொண்டாட்டி பக்கத்துல உக்காந்து சொல்லியிருப்பா. பேரு மட்டும் இவன் போட்டுக்கிட்டான்."

கடைசி நாற்காலியில் அவள் இருமலை அடக்கிக்கொண்டாள்.

டிரைவர் எது பிடிக்கும் என்று பிரித்துச் சொல்கிறவர் அல்ல. அவருக்குத் திரியையே பிடிக்கும். "இப்படி ஒரு ஆளு என் ரூட்ல இருந்தான்னா டெய்லி டிக்கெட் இல்லாம ஏத்திக்குவேன்" என்பார். திரி பஸ்ஸில் போகிற அத்தியாயங்களை மட்டும் கொஞ்சம் நிதானமாக, கியர் மாற்றுவது போலப் படிப்பார்.

இரண்டு வாரத்தில் அவளையும் சேர்த்துக்கொண்டார்கள். "கரண்ட் ஆபீஸ் அக்கா, நீங்க படிச்சிருக்கீங்களா இதெல்லாம்?" என்று டைலரம்மா கேட்டார்.

"படிச்சிருக்கேன்."

"எது பிடிக்கும்?"

அந்த இடத்தில் அவள் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். ஆனால் பாராட்டாகக் கேட்டுக் கேட்டு மனசுக்குள் ஒரு கூச்சம் சேர்ந்திருந்தது. தானே தன்னைப் புகழ்ந்தால் நன்றாக இருக்காது என்றும் தோன்றியது.

"பரவால்ல. படிக்கலாம்" என்றாள். "ஆனா வளவளன்னு இருக்கு. முக்கியமா அந்த டீ. எந்த வீட்டுக்குப் போனாலும் ஒரு டீ. ஒரு பக்கம் டீ கொதிக்கும், ஒரு பக்கம் ஆத்துவாங்க, அப்புறம் டம்ளரப் பத்தி ஒரு பத்தி. எப்படி ஆரம்பிக்கிறதுன்னு தெரியாதப்ப பக்கத்த ரொப்ப எழுதினதுதான் அதெல்லாம்."

அதில் பொய் ஒன்றும் இல்லை. அவள் உண்மையில் அப்படித்தான் எழுதினாள். ஒரு காட்சியை எங்கே தொடங்குவது என்று தெரியாதபோதெல்லாம் அடுப்பில் தண்ணீர் வைத்துவிடுவாள். எழுதி முடித்ததும் வெட்டிவிட வேண்டும் என்று நினைப்பாள், நேரம் இருக்காது.

டிரைவரின் முகம் சிவந்தது.

"என்னம்மா சொன்னீங்க? ரொப்பறதுக்கா?"

"இல்ல, நான் என்ன சொல்றேன்னா…"

"எனக்கு ஒரு நாளைக்கு எவ்வளவு தண்ணி குடிக்கலாம்னு டாக்டர் அளந்து வச்சிருக்காரு தெரியுமா? உங்களுக்கும் அதேதானே? மாத்திரை முழுங்கறதுக்கே பாதி போயிடுது. வெயில்ல நாக்கு ஒட்டிக்குது. வாய் கொப்புளிச்சுத் துப்பறேன். ராத்திரி படுத்தா டீக்கடையா கனவுல வருது. அந்தத் திரி ஒவ்வொரு வீட்டுலயும் உக்காந்து டீ குடிக்கிறானே, அத யாரு குடிக்கிறான்னு நெனச்சீங்க? அவனா? நான் குடிக்கிறேன்மா! சூடா, இஞ்சி தட்டிப் போட்டு, முழு டம்ளரு! இந்த ஆளு மட்டும்தான் எனக்கு முழு டம்ளர் கொடுக்கிறான்!"

கையை வேகமாக ஆட்டிவிட்டார். மெஷின் அலறியது. சிஸ்டர் ஓடிவந்து பட்டனை அழுத்தி, பி.பி. பார்த்து, தலையில் அடித்துக்கொண்டார். "புத்தகத்துக்கா சண்டை? எனக்கு வர்ற கோபத்துக்கு அந்த எழுத்தாளனையே இங்க கொண்டுவந்து ஒரு ஊசி குத்தணும்!"

கடைசி நாற்காலியில் அவள் முகத்தில் ஈயாடவில்லை. டிரைவர் சொன்னது தன் தொண்டைக்கும் உண்மை என்பது அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. தண்ணீர் அளந்து குடிக்கிற வாழ்க்கை வந்து இத்தனை நாளாகியும் தான் எழுதிய டீயைத் தான் ஒருமுறைகூட நினைத்துப் பார்த்ததில்லை.

அதன் பிறகு அவளை ஒதுக்கிவிட்டார்கள். வேண்டுமென்று செய்யவில்லை. வணக்கம் சொன்னார்கள், எடை எவ்வளவு ஏறியது என்று விசாரித்தார்கள். ஆனால் புத்தகப் பேச்சு வந்தால் குரல் தணிந்தது. "அந்தக்காவுக்கு இதெல்லாம் புடிக்காது" என்றார் டைலரம்மா ஒருநாள், அவள் காதில் விழும்படி. தன் வாசகர்கள் தன்னிடமிருந்து தன் புத்தகத்தைக் காப்பாற்றுகிறார்கள் என்று கணவரிடம் சொன்னபோது அவளுக்கே சிரிப்பு வந்தது. சிரித்து முடித்ததும் அழுகையும் வந்தது. மறுநாள் பட்டறையிலிருந்து வந்ததும் கணவர் கட்டிலை நகர்த்தி மேஜையை ஜன்னலோரம் திரும்பப் போட்டார்.

மழைக்காலத்தில் டிரைவருக்குக் காய்ச்சல் கண்டது. வார்டில் படுக்கவைத்து, டயாலிசிஸையும் அங்கேயே செய்தார்கள். அறையில் அவருடைய நாற்காலி காலியாகக் கிடந்தது. பாதியில் நின்ற புத்தகம் அதன்மேல் இருந்தது. "பூட்டாத பீரோ." கடைசி மூன்று அத்தியாயம் பாக்கி.

வாத்தியார் பொறுத்துப் பொறுத்துப் பார்த்தார். "சிஸ்டர், ஒரே ஒரு பக்கம் படிச்சுக் காட்டுங்களேன்."

"எனக்கு வேற வேலை இல்லையா சார்?"

டைலரம்மாவால் படிக்க முடியாது. ஒரு கையில் ஊசி, மறு கையில் விரல்கள் மரத்துப்போகிற வியாதி.

"நான் படிக்கட்டுமா?" என்றாள் அவள்.

டைலரம்மா வாத்தியாரைப் பார்த்தார். பிறகு வாத்தியார், "படிங்க. ஆனா பிடிக்காத மாதிரி படிக்காதீங்க" என்றார்.

சிஸ்டர் புத்தகத்தை எடுத்து அவள் மடியில் வைத்தார். அவள் ஆரம்பித்தாள். இரண்டு பக்கம் போவதற்குள் டைலரம்மா கையைத் தூக்கினார்.

"அக்கா, தப்பா நெனைக்காதீங்க. திரி இப்படிப் பேச மாட்டான்."

"எப்படி?"

"இவ்ளோ கறாரா. அவன் கேள்வி கேக்கறப்ப கேக்கற மாதிரியே இருக்கக் கூடாது. அடுப்பப் பாத்துக்கிட்டே கேப்பான். டிரைவர் அண்ணன் சரியா படிப்பாரு."

அவளுக்குச் சுருக்கென்றது. திரி எப்படிப் பேசுவான் என்று எனக்கா தெரியாது என்று வாய்வரைக்கும் வந்தது. அடக்கிக்கொண்டு, டிரைவர் படிப்பது போலக் கொஞ்சம் குனிந்து, குரலைத் தழைத்துப் படித்துப் பார்த்தாள். சரியாக இருந்தது. தான் எழுதும்போது கேட்ட குரல் அதுதான். நடுவில் எங்கோ அவள் அதைத் தொலைத்திருக்கிறாள்.

அப்புறம் அவளுக்கு யார் கேட்கிறார்கள் என்பதே மறந்துபோயிற்று. கடைசி அத்தியாயத்துக்கு வந்தாள். குற்றவாளி ஒரு பள்ளிக்கூட வாட்ச்மேன். மழை பெய்கிறது. திரி அவனுடைய அறையில் ஸ்டவ்வைப் பிரித்துப் போட்டு உட்கார்ந்திருக்கிறான். வாட்ச்மேனுக்குத் தெரியும், அடுப்பில் ஒரு கோளாறும் இல்லை என்று. இரண்டு பேரும் பேசாமல் இருக்கிறார்கள். அந்தக் காட்சியை எழுதிய நாளில் கணவரைச் சாப்பிட விடாமல் உட்காரவைத்துப் படித்துக் காட்டியது நினைவுக்கு வந்தது. அவள் கண்ணை மூடிக்கொண்டாள். குரல் மட்டும் போய்க்கொண்டிருந்தது.

"'உனக்கு எல்லாம் தெரியுமா?' என்று வாட்ச்மேன் கேட்டான். திரி திருகாணியைத் துடைத்துக் கீழே வைத்தான். 'எனக்குக் கொஞ்சம் தெரியும்' என்றான்."

"இல்ல" என்றார் டைலரம்மா.

அவள் கண்ணைத் திறந்தாள்.

"'எனக்கு எல்லாம் தெரியும்'னுதான் இருக்கு. கொஞ்சம்னு இல்ல."

"கொஞ்சம்தான் நல்லாருக்கு" என்றார் வாத்தியார்.

"நல்லாருக்கோ இல்லையோ, உள்ள இருக்கறததானே படிக்கணும்? அவரு எழுதினத இவங்க எப்படி மாத்தலாம்?"

அவள் புத்தகத்தைக் குனிந்து பார்த்தாள். "கண்ணு தப்பிடுச்சு போல" என்றாள். புத்தகம் வெளியான நாளிலிருந்து அவளை உறுத்திய வரி அது. எல்லாம் தெரியும் என்று சொல்கிறவன் திரியே அல்ல. அச்சானதற்குப் பிறகுதான் அது அவளுக்குப் புரிந்தது. ஒவ்வொரு முறை நினைக்கும்போதும் மனசுக்குள் திருத்திக்கொள்வாள். இன்று வாயிலும் திருத்தமாகவே வந்துவிட்டது.

மிச்சத்தைப் புத்தகத்தைப் பார்த்தே படித்து முடித்தாள். வாத்தியார், "அந்த வாட்ச்மேன நான் சந்தேகப்படவே இல்ல" என்றார். அது அவர் கொடுக்கிற பெரிய மார்க்.

ஊசிகளைக் கழற்றி, பஞ்சை அழுத்திப் பிடித்துக்கொண்டு, போகும்முன் எடை பார்க்க வரிசையில் நின்றார்கள். அவளுக்குப் பின்னால் டைலரம்மா.

"அக்கா."

"ம்."

"நீங்க பக்கத்தத் திருப்பவே இல்ல."

அவள் திரும்பிப் பார்த்தாள்.

"வாட்ச்மேன் ரூம் வந்ததுலேர்ந்து. ரெண்டு பக்கம் போகும் அது. நான் பாத்துக்கிட்டேதான் இருந்தேன். உங்க கை புத்தகத்து மேலயே இருந்துச்சு, கட்டவிரல் அசையல. கண்ணையும் மூடிட்டீங்க. நானும் மனப்பாடமா சொல்லுவேன், எத்தனையோ தடவ படிச்சிருக்கேன். ஆனா நான் சொன்னா உள்ளது உள்ளபடி சொல்லுவேன். தப்பு வராது. நீங்க சொன்னதுல ஒரே ஒரு இடம் மாறிச்சு. அது தப்பு மாதிரியும் இல்ல. சரி பண்ண மாதிரி இருந்துச்சு." டைலரம்மா நிறுத்தினார். "அது யாரு பண்ணுவா?"

எடை மெஷினில் ஏறியவள் அதன்மேலேயே மறுபடியும் திரும்பினாள். முள்ளும் கூடவே ஆடியது.

"அசையாம நில்லுங்கம்மா" என்றார் சிஸ்டர்.

வராந்தாவுக்கு வந்ததும் அவள் மெதுவாகச் சொன்னாள். "நாந்தான்."

டைலரம்மா அவளை மேலும் கீழும் பார்த்தார். தைக்கக் கொடுத்த துணியை அளப்பது போலப் பார்த்தார். காலில் விழவில்லை, கையைப் பிடித்துக்கொள்ளவில்லை, அதிசயம் என்று கூவவும் இல்லை.

"இன்ஸ்பெக்டர் சம்சாரம் எங்க?" என்றார்.

"என்னது?"

"அஞ்சாவது புத்தகத்துல கோவிச்சுக்கிட்டு அம்மா வீட்டுக்குப் போனாங்களே. ஆறாவதுல வருவாங்கன்னு பாத்தேன், வரல. ஏழாவதுல அந்த மனுஷன் தனியா சட்டை அயர்ன் பண்றாரு. பத்தாவதுல அவருக்கு ஜுரம், பக்கத்துல யாருமே இல்ல. என்ன ஆனாங்க அவங்க?"

அவள் திருதிருவென்று விழித்தாள். யோசித்துப் பார்த்தாள். "நான்… மறந்துட்டேன்."

"மறந்துட்டீங்களா!"

"அவங்கள அனுப்பி வச்சது அந்தக் கதைக்குத் தேவைப்பட்டுச்சு. அப்புறம் கூப்பிட மறந்துட்டேன்."

"நான் ஒவ்வொரு புத்தகமா தேடிக்கிட்டிருக்கேன், நீங்க மறந்துட்டேன்னு சொல்றீங்க! எங்க வீட்டுக்காரரு போனப்பகூட நான் இப்படிக் காத்துக்கிட்டிருக்கல. அவரு திரும்பி வர மாட்டாருன்னு தெரியும். இவங்க வருவாங்கன்னு இருந்தேனேக்கா!"

டைலரம்மாவின் கண் கலங்கியிருந்தது, கோபமும் இருந்தது. அவள் அந்த மரத்த விரல்களைத் தன் கைக்குள் எடுத்துக்கொண்டாள்.

"வருவாங்க" என்றாள். "கொண்டுவரேன்."

"எப்ப?"

"எழுதிக்கிட்டுதான் இருக்கேன்" என்று சொன்னாள். அந்த நிமிஷம்வரை அது உண்மையல்ல. அதன்பிறகு உண்மையாயிற்று.

டைலரம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு, ரகசியம் பேசுகிறவர் மாதிரி நெருங்கி வந்தார். "டிரைவர் அண்ணன்கிட்ட சொல்லாதீங்க. சார்கிட்டயும். தெரிஞ்சா கூச்சப்பட்டுக்கிட்டு எல்லாம் நல்லாருக்குன்னு சொல்லிடுவாங்க. அப்புறம் உங்களுக்கு யாரு நெஜத்த சொல்லுவா? நான் வாயத் திறக்க மாட்டேன்."

"நீங்க கூச்சப்பட மாட்டீங்களா?"

"எனக்கென்ன கூச்சம்? ஆனா ஒண்ணு. புதுசுல யாரு கொன்னாங்கன்னு மட்டும் என்கிட்ட சொல்லிடாதீங்க. சத்தியமா சொல்லிடாதீங்க."

காய்ச்சல் தணிந்து டிரைவர் தன் நாற்காலிக்குத் திரும்பினார். இளைத்திருந்தார். கடைசி நாற்காலிக்காரியைப் பார்த்து, "நீங்கதான் படிச்சீங்களாமே. சார் சொன்னாரு. நல்லா படிச்சீங்களாம்" என்றார். "அன்னிக்குக் கத்திட்டேன்."

"கத்தினது சரிதான். நான்தான் புரியாம சொல்லிட்டேன். டீ இல்லாட்டி திரி இல்ல."

"அப்படி வாங்க வழிக்கு!" என்று டிரைவர் சிரித்தார். அன்றைக்கு அவளுக்காகவே ஒரு அத்தியாயம் படித்தார்.

அவள் நாற்காலியிலேயே எழுதினாள். இடது கை கட்டுப்பட்டிருக்க, மடியில் ஓர் அட்டையை வைத்து வலது கையால் எழுதுவாள். "ஆபீஸ் வேலையா அக்கா?" என்று டிரைவர் கேட்டால், "ஆமா, பழைய பாக்கி" என்பாள். டைலரம்மா எதிர்ப்பக்கம் திரும்பிக்கொள்வார். எழுதியதை வீட்டில் கணவர் படித்தார். மூன்று அத்தியாயமாகக் கிடந்த கதையில் முதல் அத்தியாயம் இழுக்கிறது என்று அவர் ஏற்கெனவே சொல்லியிருந்தார். இப்போது அவளே அதைக் கிழித்துப் போட்டுவிட்டுப் புதிதாக ஆரம்பித்தாள். தலைசுற்றி எழுத முடியாத நாட்கள் உண்டு. கால் வீங்கி, மூச்சு வாங்கி, இது முடியாது என்று பேனாவை மூடிய வாரங்களும் உண்டு. அப்போதெல்லாம் அடுத்த முறை அறைக்குள் நுழைந்ததும் டைலரம்மா புருவத்தைத் தூக்குவார். அந்தப் புருவத்துக்குப் பயந்தே அவள் பேனாவைத் திறந்தாள்.

புத்தகம் வெளிவந்தபோது பத்திரிகைகளில் நல்லபடியாகவே எழுதினார்கள். இந்த வரிசையிலேயே இதுதான் முதிர்ந்த நாவல் என்று ஒருவர் எழுதினார். கணவர் அதை வெட்டிப் பட்டறைச் சுவரில், பல் அச்சுகளுக்கு நடுவில் ஒட்டினார். அவளுக்குச் சந்தோஷம்தான். ஆனால் அவள் காத்திருந்தது வேறு இடத்துத் தீர்ப்புக்கு.

டிரைவர் புத்தகத்தை வாங்கிக்கொண்டு வந்த அன்று அறையே கலகலப்பாக இருந்தது. வாத்தியார் அட்டையைத் தடவிப் பார்த்தார், முகர்ந்தும் பார்த்தார். வாசிப்பு பல வாரம் நடந்தது. தன் புத்தகத்தை முதல்முறையாக ஒரு வாசகியைப் போல, அடுத்த வரி தெரிந்தும் தெரியாதவளாக, அவள் கேட்டாள். எங்கே சிரிப்பார்கள் என்று நினைத்தாளோ அங்கே சிரிக்கவில்லை. அவள் சாதாரணமாக எழுதிவிட்டுப் போன ஒரு வரிக்கு வாத்தியார் "ஆஹா" என்றார். சிஸ்டர்கூட ஊசி மாட்டிக்கொண்டே, "அப்புறம்?" என்று ஒருமுறை கேட்டுவிட்டு, கேட்கவே இல்லாதது போலப் போனார்.

இன்ஸ்பெக்டரின் வீட்டுக் கதவை ஒரு பெண் தட்டுகிற இடம் வந்தது. பெட்டியோடு நிற்கிறாள். இன்ஸ்பெக்டர் கதவைத் திறந்து, ஒன்றும் பேசாமல் பெட்டியை வாங்கி உள்ளே வைக்கிறார். அவ்வளவுதான் எழுதியிருந்தாள். டிரைவர் படித்துவிட்டு மேலே போகப் பார்த்தார்.

"கொஞ்சம் நிறுத்துங்கண்ணே" என்றார் டைலரம்மா. யார் பக்கமும் பார்க்காமல் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். மூக்கை உறிஞ்சினார். "சரி. போங்க."

கடைசி அத்தியாயத்தில் டிரைவரின் குரல் தடுமாறியது. குற்றவாளி யார் என்று தெரிந்த இடத்தில் நிறுத்தி, பின்னால் இரண்டு பக்கம் திருப்பிப் பார்த்து, மறுபடியும் படித்தார். புத்தகத்தை மூடி நெஞ்சின்மேல் கவிழ்த்தார்.

"இவரா? போயும் போயும் இவரா? எவ்வளவு நல்ல மனுஷன்யா! மொத அத்தியாயத்துலேர்ந்து எனக்கு அவரத்தான் புடிச்சிருந்துச்சு!"

"நான் அவர லிஸ்ட்லயே வைக்கல" என்றார் வாத்தியார். தோற்றுப்போன சந்தோஷம் அவர் முகம் முழுக்கப் பரவியிருந்தது. "ஒருத்தரையும் சரியா சொல்லல நான். ஒருத்தரையும்! என்னா மூளைய்யா இந்த ஆளுக்கு."

"மூளை இருக்கு, மனசு இல்ல" என்றார் டிரைவர். அன்று மிச்ச நேரம் அவர் கண்ணை மூடிப் படுத்திருந்தார். போகும்போது அவளிடம்கூடச் சொல்லிக்கொள்ளவில்லை.

வீட்டில் அவள் தட்டைத் தள்ளி வைத்தாள். "அவருக்குப் புடிக்கல" என்றாள் கணவரிடம். "அந்த ஆள விட்டிருக்கலாமோ? வேற யாரையாவது…"

"இப்ப என்ன, அச்சடிச்சத எல்லாம் திரும்ப வாங்கிட்டு வரவா?" என்றார் அவர். "அடுத்த தடவ என்ன சொல்றாருன்னு பாரு."

அடுத்த முறை அவள் போனபோது டிரைவர் முன்னாலேயே வந்து உட்கார்ந்திருந்தார். ஊசி போட்டாயிற்று. வலது கையில் அதே புத்தகம். யோசித்துக்கொண்டே வந்தவர் போல, யாரையும் குறிப்பாகப் பார்க்காமல் பேசினார்.

"நல்லவருதான் அவரு. கொன்னுட்டாருதான். ஆனாலும் நல்லவருதான். இந்த ரெண்டும் ஒரே ஆளுக்குள்ள இருக்குன்னு இந்த எழுத்தாளருக்குத் தெரிஞ்சிருக்கு. எனக்குத்தான் அன்னிக்கு ஏத்துக்க முடியல. வீட்டுக்குப் போயும் அவர் நெனப்பாவே இருந்துச்சு. சொந்தக்காரரு ஒருத்தர ஜெயில்ல விட்டுட்டு வந்த மாதிரி."

வாத்தியார் தலையை ஆட்டினார். டைலரம்மா ஓரக்கண்ணால் கடைசி நாற்காலியைப் பார்த்தார்.

"அதனால நான் என்ன சொல்றேன்னா, மறுபடியும் மொதல்லேர்ந்து படிப்போம்" என்றார் டிரைவர்.

"யாருன்னுதான் தெரிஞ்சுபோச்சே, இன்னும் என்ன இருக்கு?" என்றார் சிஸ்டர், அவள் கையில் பிளாஸ்திரியை ஒட்டிக்கொண்டே.

"இப்பத்தான் சிஸ்டர் இருக்கு. அன்னிக்கு அவர் பேசினதையெல்லாம் வேற மாதிரி கேட்டேன். இப்ப தெரிஞ்சுக்கிட்டு கேக்கணும். எங்கெங்க அவரு சொல்ல வந்து நிறுத்தினாருன்னு பாக்கணும். என்ன சார்?"

"படிங்க படிங்க" என்றார் வாத்தியார். "நானும் எங்க கோட்ட விட்டேன்னு பாக்கணும்."

"கரண்ட் ஆபீஸ் அக்கா, உங்களுக்கு போரடிக்குமா?"

"இல்ல" என்றாள் அவள். "படிங்க."

சிஸ்டர் மெஷினின் பட்டனை அழுத்தினார். குழாயில் ரத்தம் ஓட ஆரம்பித்தது. டிரைவர் கட்டைவிரலால் அட்டையைத் தள்ளி, தொண்டையைச் செருமிக்கொண்டு, முதல் வரியை இன்னும் நிதானமாகப் படிக்கத் தொடங்கினார்.